விற்றது என்று சொல்லும் முன்: என்எஃப்டி பாட் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்



ஒரு என்எஃப்டி கைமாறியவுடன் அதன் படத்தையும் விலையையும் சமூக ஊடகத்தில் தானாகப் பதிவிடும் பாட்களை எழுதுகிறவர்கள் நீங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும் வேலை என்று நினைத்துத்தான் உங்களில் பலர் இதைத் தொடங்கியிருப்பீர்கள். சில நூறு வரி நிரல், ஒரு ஏபிஐ சாவி, சிறிய வாடகைக்கு ஒரு சர்வர். ஓடத் தொடங்கியதும் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பீர்கள். நீங்கள் மறந்த பிறகும் அந்தப் பாட் இரவு பகலாகப் பேசிக்கொண்டேயிருக்கிறது. அது சொல்வதை நம்பிப் பணம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சார்பில் உங்களிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

2021 அக்டோபர் 28 அன்று நடந்ததை நீங்கள் மறந்திருக்க முடியாது. கிரிப்டோபங்க்ஸ் என்ற என்எஃப்டி தொகுப்பின் விற்பனைகளை அறிவிக்கும் ட்விட்டர் பாட், 9998ஆம் எண் பங்க் 124,457 ஈத்தருக்கு வாங்கப்பட்டது என்று பதிவிட்டது. அன்றைய மதிப்பில் 53 கோடி டாலருக்கு மேல். அதே ஆண்டு ஜூனில் சோதபிஸ் ஏலத்தில் 7523ஆம் எண் பங்க் 1 கோடியே 17 லட்சம் டாலருக்குப் போனதே உலகச் செய்தியாக இருந்தது. பாட் சொன்ன தொகை அதைப்போல 45 மடங்கு.

உண்மையில் யாரும் எதையும் வாங்கவில்லை. அந்தப் பங்கின் சொந்தக்காரர் ஃபிளாஷ் லோன் எடுத்தார். ஒரே பரிவர்த்தனைக்குள் வாங்கி, அதே பரிவர்த்தனைக்குள் அடைத்துவிட வேண்டிய கடன் அது. அடைக்க முடியாவிட்டால் நடந்தது எல்லாமே ரத்தாகிவிடும். அந்தக் கடன் பணத்தில் தன் ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்குத் தன் பங்கைத் தானே வாங்கி, வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடனை முடித்தார். பங்க் அவரிடமே இருந்தது. கிரிப்டோபங்க்ஸை உருவாக்கிய லார்வா லேப்ஸ் நிறுவனம், இது மென்பொருள் பிழையோ ஊடுருவலோ இல்லை, ஒருவர் கடன் வாங்கித் தன்னிடமே வாங்கியது என்று பொதுவில் விளக்க வேண்டியதாயிற்று. இனி இத்தகையவற்றை வடிகட்டுவதாகவும் அது சொன்னது.

அந்தப் பாட்டில் பழுது எதுவும் இல்லை என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எழுதியபடியே அது வேலை செய்தது. ஒப்பந்தத்திலிருந்து ‘வாங்கப்பட்டது’ என்ற நிகழ்வு வந்தது, அதிலிருந்த எண்ணைப் படித்தது, டாலருக்கு மாற்றியது, ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டது. இடையில் ஒரு கணம் நின்று ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

உங்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில் ஒன்று உண்டு: பிளாக்செயினில் இருப்பதைத்தான் பாட் சொல்கிறது, அதில் சொந்தக் கருத்து ஏதும் இல்லை என்பது. இந்தப் பதிலைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். என்எஃப்டிகளுக்கான இஆர்சி-721 தரத்தின்படி ஒரு டோக்கன் கைமாறும்போது வெளிவரும் ‘டிரான்ஸ்ஃபர்’ நிகழ்வில் மூன்றே தகவல்கள்தான் இருக்கின்றன: யாரிடமிருந்து, யாருக்கு, எந்த எண். விலை அதில் இல்லை. விற்பனை என்ற சொல்லும் இல்லை. அப்பா மகளுக்குக் கொடுத்தாலும், ஒருவர் தன் பழைய வாலட்டிலிருந்து புதிய வாலட்டுக்கு மாற்றினாலும், திருடன் தட்டிப் பறித்தாலும், பத்து ஈத்தருக்கு விற்றாலும் அந்த நிகழ்வு ஒன்றுபோலத்தான் தெரியும். அதை ‘விற்றது’ என்று மொழிபெயர்ப்பவர் நீங்கள். ‘இன்ன விலைக்கு’ என்று சேர்ப்பவரும் நீங்கள். ஆகவே அந்தப் பதிவின் இரண்டு முக்கியமான சொற்களும் உங்களுடையவை.

‘யாரிடமிருந்து’ என்பதைக்கூட அப்படியே நம்பிவிட முடியாது. 2021 மார்ச்சில் டிஜிட்டல் கலைஞர் பீப்பிளின் ‘எவ்ரிடேஸ்’ படைப்பைத் தமிழரான விக்னேஷ் சுந்தரேசன் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6 கோடியே 93 லட்சம் டாலருக்கு வாங்கினார். அடுத்த மாதமே, மொஸ்யே பெர்சொன் என்ற புனைபெயரில் ஒருவர் அதே படைப்பின் இன்னொரு ‘பதிப்பு’ பீப்பிளின் வாலட்டிலேயே உருவானதுபோல ஒரு டோக்கனை உண்டாக்கிக் காட்டினார். பீப்பிள் எதிலும் கையெழுத்திடவில்லை. ஒப்பந்தத்தை எழுதியவர் எந்த முகவரியை வேண்டுமானாலும் அந்த நிகழ்வில் எழுத முடியும் என்பதை அம்பலப்படுத்தவே அதைச் செய்தார். பெயரை மட்டும் பார்க்கும் பாட் ஒன்று இருந்தால், பெரிய கலைஞரின் புதுப் படைப்பு வந்துவிட்டது என்று அதையும் பதிவிட்டிருக்கும்.

விலையின் கதை இதைவிடச் சிக்கலானது. இந்தத் துறையில் கொஞ்ச காலம் இருந்தவர் எவரும் பின்வருவனவற்றில் ஒன்றிலாவது இடறியிருப்பார்.

கிரிப்டோபங்க்ஸ் ஒப்பந்தம் 2017இல் எழுதப்பட்டது. இஆர்சி-721 தரத்துக்கும் முந்தியது. அதில் ஒருவர் கேட்ட விலையைச் சொந்தக்காரர் ஏற்றுக்கொள்ளும்போது, ஏலக் குறிப்பை முதலில் அழித்துவிட்டுப் பிறகுதான் ஒப்பந்தம் நிகழ்வை வெளியிடுகிறது. அதனால் அந்த நிகழ்வில் விலை 0 என்றும், வாங்கியவர் முகவரி வெறும் சுழியமாகவும் வருகிறது. நூறு ஈத்தருக்கு நடந்த உண்மையான விற்பனை அதில் இலவசம்போலத் தெரியும். வாங்கியவரை அதே பரிவர்த்தனையின் இன்னொரு நிகழ்விலிருந்தும், விலையை அவர் முன்னதாக வைத்த ஏலக் குறிப்பிலிருந்தும் தேடி எடுக்க வேண்டும். இதைத் தெரிந்து எழுதப்பட்ட பாட்டுக்கும் தெரியாமல் எழுதப்பட்டதற்கும் உள்ள வித்தியாசத்தை வெளியிலிருந்து படிப்பவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

பரிவர்த்தனையோடு அனுப்பப்பட்ட ஈத்தர்தான் விலை என்று எடுத்துக்கொள்ளும் பாட்கள் உண்டு. ஒருவர் திரட்டித் தளங்கள் வழியே ஒரே சொடுக்கில் மூன்று தொகுப்புகளிலிருந்து பதினைந்து டோக்கன்களை அள்ளினால், மொத்தத் தொகையும் ஒரு டோக்கனின் தலையில் விழுகிறது. வாங்குபவர் கேட்ட விலையைச் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டால் பணம் ஈத்தரின் டோக்கன் வடிவமான டபிள்யூஈத்தாக வரும். அப்போது அனுப்பப்பட்ட ஈத்தர் சுழியம், அந்த விற்பனையே கண்ணில் படாது. ஓப்பன்சீ சந்தைத் தளம் 2022இல் பழைய வைவர்ன் முறையை விட்டு சீபோர்ட்டுக்கு மாறியபோது நிகழ்வின் வடிவமே மாறிற்று. தரப்படுவது ஒரு பட்டியல், பெறப்படுவது ஒரு பட்டியல்; விற்றவரின் பங்கு, தளக் கட்டணம், கலைஞரின் ராயல்டி மூன்றையும் கூட்டினால்தான் விலை வரும். ஒன்றை விட்டால் விலை குறையும், ஒன்றை இரண்டு முறை எண்ணினால் கூடும்.

எண்ணில்கூடக் கண்ணி இருக்கிறது. ஒரு ஈத்தர் என்பது ஒன்றுக்குப் பின் 18 சுழியம் போட்ட வெய். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை பிழையின்றிப் பிடித்துவைக்கும் மிகப் பெரிய முழு எண் 9,007,199,254,740,991. அதை வெய்யாகக் கொண்டால் ஒரு ஈத்தரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. டாலரோடு இணைந்த யுஎஸ்டிசி நாணயத்துக்கோ ஆறு தசம இடங்கள்தான். 5,000 யுஎஸ்டிசிக்கு விற்ற ஒன்றை, எண்ணைச் சரியாகப் பிரித்துவிட்டு அலகை மட்டும் ஈத்தர் என்று போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். பல ஆயிரம் டாலர், கோடிக் கணக்கான டாலராக மாறி ஊர் சுற்றத் தொடங்கிவிடும்.

இவையெல்லாம் தவறுகள், திருத்திவிடலாம். திட்டமிட்டுச் செய்யப்படும் ஏமாற்றுக்கு உங்கள் பாட்டைக் கருவியாக்குவதுதான் இன்னும் பெரிய கவலை.

தன் சரக்குக்குத் தானே ஆள் வைத்து ஏலம் கேட்டு விலை ஏற்றும் தந்திரம் எந்தச் சந்தைக்கும் புதிதில்லை. இங்கே அதற்குப் பெயர் வாஷ் டிரேடிங். அமெரிக்காவின் சரக்குச் சந்தைச் சட்டம் 1936இலேயே இதைத் தடை செய்தது. என்எஃப்டி சந்தையில் வாலட்டுக்கு முகம் இல்லை என்பதால், ஆள் வைக்கும் செலவுகூட இல்லாமல் போயிற்று. பிளாக்செயின் ஆய்வு நிறுவனமான செயினாலிசிஸ் 2021ஆம் ஆண்டின் பரிவர்த்தனைகளை ஆராய்ந்து 2022 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையில், தாங்களே பணம் போட்டு நிரப்பிய வாலட்டுகளுக்கு 25 முறைக்கு மேல் விற்றவர்களாக 262 பேரைக் கண்டது. அவர்களில் லாபம் பார்த்த 110 பேர் சேர்ந்து ஏறக்குறைய 89 லட்சம் டாலர் ஈட்டியிருந்தார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் சூது அறியாமல் வாங்கியவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்றும் அந்த அறிக்கை சொன்னது.

லுக்ஸ்ரேர் என்ற என்எஃப்டி சந்தைத் தளம் 2022 ஜனவரியில் வந்தபோது, அதிகம் வணிகம் செய்பவருக்கு அதிக டோக்கன் பரிசு என்று அறிவித்தது. விளைவு உங்களுக்கு நினைவிருக்கும். சில ஈத்தருக்குக் கிடைத்துக்கொண்டிருந்த மீபிட் என்எஃப்டிகள் ஆயிரக்கணக்கான ஈத்தருக்கு இரண்டு வாலட்டுகளுக்கிடையே போய் வந்துகொண்டிருந்தன. ராயல்டி இல்லாத தொகுப்பு என்பதால் சுற்றிவிடச் செலவு குறைவு. அந்த ஒரு மாதத்திலேயே 800 கோடி டாலருக்கு மேல் இப்படிப் போலி வணிகம் நடந்ததாக என்எஃப்டி தரவுத் தளமான கிரிப்டோஸ்லாம் கணக்கிட்டது. ஹில்டாபி என்ற பெயரில் இயங்கும் தரவு ஆய்வாளர், 2022இல் எத்தீரியத்தில் நடந்த என்எஃப்டி வணிகத் தொகையில் 58 சதவீதம் வாஷ் டிரேடிங் என்ற முடிவுக்கு வந்தார்.

இந்தப் போலி விற்பனைகளைச் செய்கிறவர்களில் ஒரு சாரார் டோக்கன் பரிசுக்காகச் செய்தார்கள். அவர்களுக்குப் பார்வையாளர் தேவையில்லை. விலை ஏற்றிக் காட்டி வெளியாளுக்கு விற்க நினைப்பவருக்கோ பார்வையாளர் இல்லாமல் எதுவும் நடக்காது. யாரும் பார்க்காத போலி விற்பனையால் அவருக்குக் கட்டண நஷ்டம்தான். அவர் தன் வாயால் ‘என் படம் நாற்பது ஈத்தருக்குப் போனது’ என்று சொன்னால் எவரும் நம்ப மாட்டார்கள். ஒரு பாட், அதுவும் உணர்ச்சியற்ற, ஒருவர் பக்கமும் சாயாத இயந்திரம் என்று எல்லோரும் எண்ணும் ஒன்று, படத்தோடும் விலையோடும் அதைச் சொன்னால் நம்புவார்கள். உங்கள் பாட்டின் மேல் மக்கள் வைத்திருக்கும் அந்த நம்பிக்கையைத்தான் அவர் இலவசமாக எடுத்துக்கொள்கிறார். முதல் சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தோடு அந்தப் பதிவைப் பார்க்கும் இளைஞருக்கு, பின்னால் இருக்கும் இரண்டு வாலட்டும் ஒரே ஆளுடையவை என்று எப்படித் தெரியும்?

‘வடிகட்டினால் நாங்கள் பக்கம் சாய்ந்தவர்கள் ஆகிவிடுவோமே’ என்று உங்களில் சிலர் நேர்மையாகவே தயங்குகிறீர்கள். ஆனால் நீங்கள் ஏற்கெனவே வடிகட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ட்விட்டர் 2023இல் இலவச ஏபிஐயை முடக்கி, மாதம் 1,500 பதிவுகள் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. அதாவது நாளுக்கு ஐம்பது. அடுத்த படிக்கு மாதம் 100 டாலர் கேட்டது. அதற்கு ஈடுகொடுக்க உங்களில் பலர் என்ன செய்தீர்கள்? ஒரு ஈத்தருக்கு மேல் போனவற்றை மட்டும் பதிவிடு என்று ஒரு வரி சேர்த்தீர்கள். அந்த ஒரு வரியால் சந்தையின் சிகரங்கள் மட்டுமே வாசகர் கண்ணில் படுகின்றன, பள்ளங்கள் மறைகின்றன. விலை பெரிதா என்று பார்த்து வடிகட்ட முடியுமானால், விற்பனை உண்மையா என்று பார்த்தும் வடிகட்ட முடியும்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை. எதற்கும் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம்.

முதலில், ஹில்டாபி தன் கணக்குக்குப் பயன்படுத்திய நான்கு கேள்விகளை உங்கள் பாட்டும் கேட்கட்டும். விற்றவரும் வாங்கியவரும் ஒரே முகவரியா? இதே இருவருக்கிடையே இதே டோக்கன் முன்னும் பின்னும் போய் வந்திருக்கிறதா? ஒரே முகவரி இதே டோக்கனை மூன்று முறையோ அதற்கு மேலோ வாங்கியிருக்கிறதா? இரண்டு வாலட்டுக்கும் முதன்முதலில் பணம் போட்டது ஒரே வாலட்டா? இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே பரிவர்த்தனைக்குள் பணம் விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கே திரும்பிப் போகிறதா? பங்க் 9998 இந்த ஒரு கேள்வியிலேயே பிடிபட்டிருக்கும்.

அடுத்தது, அந்தத் தொகுப்பின் அண்மை விலைகளைவிடப் பல மடங்கு தாவும் எதையும் பாட் தானாகப் பதிவிட வேண்டாம். நிறுத்திவைத்து உங்களுக்கு ஒரு செய்தி அனுப்பட்டும். மனிதக் கண் பார்த்த பிறகு வெளியே போகட்டும். ஐயம் தீராதவற்றை மறைக்கத்தான் வேண்டும் என்பதில்லை, ‘ஐயத்துக்குரியது’ என்று அடையாளமிட்டுப் பதிவிடலாம்.

அவசரப்படாதீர்கள் என்பது இன்னொன்று. எத்தீரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் வருகிறது. அது இனி மாறாது என்று உறுதியாக ஏறத்தாழ 13 நிமிடம் ஆகிறது. இடையில் பிளாக் தள்ளப்பட்டால் நடக்காத விற்பனையை அறிவித்தவர் ஆவீர்கள். கால் மணி நேரம் கழித்து வரும் உண்மையால் யாருக்கும் நஷ்டமில்லை. பதிவிட்ட ஒவ்வொரு விற்பனைக்கும் பரிவர்த்தனைக் குறியீட்டையும் நிகழ்வு எண்ணையும் சேமித்து வையுங்கள். சர்வர் விழுந்து எழும்போது நேற்றைய விற்பனைகள் இன்றைய புதுச் செய்தியாகத் திரும்ப வராமல் இருக்க அது ஒன்றே போதும்.

தொகுப்பைப் பெயரால் அடையாளம் காணாதீர்கள். ஒப்பந்த முகவரியால் மட்டும் காணுங்கள். எந்தப் பணத்தில் விற்றது என்று அப்படியே எழுதுங்கள். டாலர் மதிப்பு அந்த நேரத்தினுடையது என்று குறிப்பிடுங்கள். அதே டோக்கன் முந்தைய முறை எந்த விலைக்குப் போனது என்ற ஒரு வரியையும் சேருங்கள். இருபது ஈத்தருக்கு வாங்கியதை ஒருவர் மூன்று ஈத்தருக்குத் தள்ளிவிட்டுப் போவதும், மூன்றுக்கு வாங்கியதை இருபதுக்கு விற்பதும் உங்கள் பதிவில் ஒரே கொண்டாட்டமாக வரக்கூடாது.

பாதுகாப்பைப் பற்றியும் கேட்டாக வேண்டும். விற்பனை பாட் பிளாக்செயினைப் படிக்க மட்டுமே செய்கிறது. அதற்கு எந்த வாலட்டின் தனிச் சாவியும் தேவையில்லை. நிரலில் எங்காவது அப்படி ஒன்று இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பதிவிடும் உரிமை தரும் ஏபிஐ சாவியைப் பொதுவில் போட்டுவைத்த நிரலோடு விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரல் 25 அன்று போர்டு ஏப் யாட் கிளப் என்ற என்எஃப்டி தொகுப்பின் இன்ஸ்டாகிராம் கணக்கைக் கைப்பற்றியவர்கள் போலி இணைப்பு ஒன்றைப் பதிவிட்டு, அதைச் சொடுக்கியவர்களின் லட்சக்கணக்கான டாலர் மதிப்புள்ள என்எஃப்டிகளைப் பறித்தார்கள். வாசகர்கள் நம்பியது அந்த இணைப்பை இல்லை, அதைப் பதிவிட்ட கணக்கை. உங்கள் பாட்டின் கணக்கும் அப்படி நம்பப்படுகிற ஒன்றுதான்.

திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடமே கூலி வாங்கிப் பாட் எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். ‘ஏறிய விலையை மட்டும் போடு, இறங்கியதை விட்டுவிடு’ என்று அவர்கள் கேட்பார்கள். அந்த வரியை எழுத மறுத்துவிடுங்கள். மறுக்க முடியாத நிலை என்றால், கணக்கின் அறிமுகக் குறிப்பில் அந்த விதியையும் யார் நடத்தும் பாட் என்பதையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதச் செய்யுங்கள். தானியங்கிக் கணக்கு என்று காட்டும் முத்திரையை, இன்று எக்ஸ் எனப்படும் ட்விட்டர் 2022 முதல் எல்லோருக்கும் தருகிறது. யாருடைய பொறுப்பில் அது இயங்குகிறது என்பதும் அதில் தெரியும். மாஸ்டடானிலும் அதற்கு ஒரு குறி இருக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும்.

கடைசியாக, இந்த வாரம் ஒரு மாலையை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் பாட் கடைசியாகப் போட்ட நூறு பதிவுகளை எடுத்து, மேலே சொன்ன ஐந்து கேள்விகளில் ஒவ்வொன்றையும் கேட்டுப் பாருங்கள். தேறாதவற்றைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். அதே கணக்கில், அதே பதிவின் கீழ், ‘இது விற்பனை இல்லை, தவறாகச் சொல்லிவிட்டோம்’ என்று காரணத்தோடு எழுதுங்கள். எந்தெந்த விதிப்படி பாட் வடிகட்டுகிறது என்பதைக் கணக்கின் மேலே நிலையாக ஒட்டி வையுங்கள். அதை வேறொருவர் படித்துப் பார்த்து ‘இங்கே ஓட்டை இருக்கிறது’ என்று சொன்னால், நன்றி சொல்லி அடைத்துவிடுங்கள். அதுவரை பாட்டை நிறுத்திவைக்க வேண்டியிருந்தால், தயவுசெய்து நிறுத்தி வையுங்கள்.